வாடகை வீட்டைக் காலி செய்வது எப்படி? டிபாசிட்டை விட்டுவிடாமல் வெளியேற ஒரு வழிகாட்டி

மலேசியாவில் தோட்டத்து (எஸ்டேட்) வீட்டில் வளர்ந்தவர்களுக்கு வீட்டைக் காலி செய்வது என்றால், அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சாவியைத் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கொடுத்துவிட்டு லோரி ஏறுவதுதான். டிபாசிட் கிடையாது, அக்ரிமெண்ட் கிடையாது. இன்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டின் தாமான் குடியிருப்புகளில் வாடகைக்கு இருக்கும் நம்மில் பலருக்கு, கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கும் வித்தையை வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்காததற்குக் காரணம் இதுதான். நானும் முதல் வீட்டில் 1,200 ரிங்கிட்டை விட்டுவிட்டு வந்தவன். "தம்பி, நம்ம ஊர்ப் பையன்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். நானும் சரி என்று தலையாட்டினேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. கையில் ஒரு படமோ ஒரு துண்டுச் சீட்டோ இல்லாமல் என்ன கேட்பது?

முதலில் அக்ரிமெண்டைத் தேடி எடுங்கள்

அலமாரிக்கு அடியில் கிடந்தாலும் பரவாயில்லை, எடுத்து முழுதாகப் படியுங்கள். காலம் எந்தத் தேதியில் முடிகிறது, எத்தனை மாதம் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும், டிபாசிட்டை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக இரண்டு மாத வாடகை டிபாசிட்டாகவும், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதமோ ஒரு மாதமோ தனியாகவும் வாங்கியிருப்பார்கள். காலம் முடியும் முன்பே போனால் டிபாசிட் போய்விடும் என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சண்டை போட்டுப் பயனில்லை. உங்களுக்குப் பதிலாக வேறு குடும்பத்தைக் காட்டுகிறேன் என்று பேசிப் பார்க்கலாம். நம் ஊரில் இது பல முறை நடக்கிறது.

அக்ரிமெண்டில் முத்திரை இருக்கிறதா? 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, முத்திரையிடாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. அபராதம் கட்டிப் பிறகும் முத்திரை போட்டுக்கொள்ளலாம் என்பதால் பயப்பட வேண்டாம்.

எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள்

கோயில் வாசலில் பார்த்துச் சொன்னதெல்லாம் நோட்டீஸ் ஆகாது. இரண்டு மாதம் என்று இருந்தால், ஜூன் 30இல் போக ஏப்ரல் 30க்குள் கடிதம் அவர் கையில் சேர வேண்டும். நான்கு வரி போதும்: வீட்டு முகவரி, எந்தத் தேதியில் காலி செய்கிறீர்கள், அன்று வீட்டைப் பார்க்க வரும்படி அழைப்பு, டிபாசிட் போட வேண்டிய வங்கிக் கணக்கு. வீட்டுக்காரர் சீனர் என்றால் மலாய் மொழியில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் போட்டுவிட்டால் "கிடைக்கவில்லை" என்ற பேச்சே வராது.

தேதி வைக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள், சிரிக்காதீர்கள். ஜூலை 31இல் இந்த வீட்டை விடுவதாக எழுதிவிட்டால், ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடிப்பார். ஆவணி பிறக்கும் வரை சாமானை எங்கே வைப்பது? என் அக்கா அதனாலேயே ஒரு மாத வாடகையைக் கூடுதலாகக் கட்டினார்.

இன்னொன்று: "கடைசி இரண்டு மாத வாடகையை டிபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான அக்ரிமெண்டுகள் இதைத் தடுக்கின்றன. வாடகைப் பாக்கிக்காரர் என்ற பேர் வந்துவிட்டால், பிறகு எதைக் கேட்டாலும் எடுபடாது.

பில்களை முடியுங்கள்

மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலில் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் அதன் மைடிஎன்பி செயலியிலோ அதன் சேவை மையமான கெடை தெனாகாவிலோ மூடச் சொல்லுங்கள். மூடாமல் போனால் அடுத்து வருபவர் ஓட்டும் ஏர்கோனுக்கும் பில் உங்கள் பெயரில்தான் ஏறும். கடைசி பில்லைக் கழித்து, நீங்கள் கட்டிய மின்சார டிபாசிட் திரும்பி வரும். பேராக்கில் தண்ணீருக்கு லெம்பாகா ஆயர் பேராக். வீட்டுக்காரர் பெயரில் பில் வந்தால், கடைசி நாள் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து அதன்படி கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். இணையம் வைத்திருந்தால் ஒப்பந்தக் காலம் மீதமிருக்கிறதா என்று கேளுங்கள். பாதியில் நிறுத்தினால் அபராதம் வரலாம், புது வீட்டுக்கு மாற்றிக்கொள்வது மலிவாக முடியலாம்.

சுத்தம் செய்வது

டிபாசிட்டில் கை வைக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுவர் நிறம் மங்குவது, தரை தேய்வது எல்லாம் இருந்து வாழ்ந்ததன் அடையாளம். அதற்குப் பணம் பிடிப்பது நியாயமில்லை. உடைந்த கண்ணாடி, காணாமல் போன சாவி, சுவரில் ஓட்டை இவை நம் கணக்கு.

நம் வீடுகளில் மூன்று இடங்கள் காட்டிக்கொடுக்கும். முதலில் அடுப்பங்கரைச் சுவர். தாளிப்பு எண்ணெய் படிந்து ஒட்டும். சுடுநீரில் சோடா உப்பு கரைத்துத் துணியால் நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் போய்விடும். அடுத்து வாசல் நிலை. மஞ்சள், குங்குமக் கறையும் தோரணம் கட்டிய ஆணிகளும் இருக்கும். ஆணியைப் பிடுங்கிய ஓட்டையைச் சுவர் அடைக்கும் புட்டிப் பசை வைத்து அடைத்துத் தேய்த்துவிடுங்கள். மூன்றாவது, சாமி மேடைக்கு மேலே கற்பூரப் புகை. அதை ஈரத்துணியால் தேய்த்தால் கறுப்பு பரவும். முதலில் உலர்ந்த துணியால் புகைத் தூளை எடுத்துவிட்டுப் பிறகு சோப்பு நீரில் துடையுங்கள். நேரடியாக வெள்ளைச் சாயம் அடித்தால் சில நாளில் மஞ்சள் மேலே ஊறி வரும். அடிப்பூச்சு ஒன்று கொடுத்துத்தான் அடிக்க வேண்டும்.

சாவி கொடுக்கும் நாள்

சாமான் ஏறிய பின், வீடு வெறுமையாக இருக்கும்போது பகல் வெளிச்சத்தில் வாசலில் தொடங்கிக் கழிவறை வரை ஒரே வீடியோவாக எடுங்கள். குழாயைத் திறந்து, விளக்கைப் போட்டுக் காட்டுங்கள். வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு சுற்று சுற்றுங்கள். எத்தனை சாவி கொடுத்தீர்கள், மீட்டர் எண் என்ன, என்ன குறை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "எதுக்கு தம்பி இதெல்லாம்?" என்பார். "நாளைக்கு உங்களுக்கும் நல்லதுதானே அண்ணே" என்று சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டுங்கள்.

பணம் வராவிட்டால்

சொன்ன நாள் கடந்துவிட்டால் தொகையும் கெடுவும் குறிப்பிட்டு ஒரு கடிதம். பணம் பிடித்திருந்தால், பழுது பார்த்த ரசீதைக் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம். 5,000 ரிங்கிட் வரை, வக்கீல் இல்லாமல், 198ஆம் எண் படிவத்தை நிரப்பி நீங்களே தாக்கல் செய்யலாம். வீடியோவும் கையெழுத்துத் தாளும் அங்கேதான் பேசும்.

எல்லாம் முடிந்ததும் 30 நாளுக்குள் தேசியப் பதிவுத் துறையில் மைகார்டு அடையாள அட்டையின் முகவரியை மாற்றுங்கள். வாக்காளர் முகவரி அதோடு தானாக மாறாது, தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.