நெல் காயும் ரோட்டில் பிரேக் பிடிக்கும் முன்

அறுவடை முடிந்தால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். களம் போதாத விவசாயிக்கு வேறு இடமில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பைக்கில் போய் அந்த நெல்லில் ஏறிய பிறகு பயந்துபோய் பிரேக்கை மிதிப்பது பெரிய தவறு. டயருக்கும் தாருக்கும் நடுவே மணிகள் உருளும்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயருக்கும் பிடி கிடைக்காது. தூரத்தில் மஞ்சளாகத் தெரியும்போதே, வெறும் ரோட்டில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நெல்லின் மேல் வண்டி நேராக உருளட்டும். பிரேக்கும் வேண்டாம், ஹேண்டிலை வெட்டவும் வேண்டாம். வைக்கோலுக்கும் இதேதான்.

வண்டியில் ஏபிஎஸ் பிரேக் இருக்கிறதே என்கிறீர்களா? பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை. உதிரியாகக் கிடக்கும் பரப்பில் வண்டி நிற்க அதிக தூரமும் எடுக்கலாம். 150 சிசி வண்டிகள் பலவற்றில் அது முன் சக்கரத்துக்கு மட்டுமே. பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் வழுக்கத்தான் செய்யும்.

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிடும்" என்று சொல்லித்தான் எனக்கு வண்டி பழக்கினார்கள். நம் ஊரில் பலருக்கும் அப்படித்தான். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகி இழுபடுகிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. தள்ளிவிடுவது முன் பிரேக் அல்ல, அதை ஒரேயடியாக இறுக்குவதும், வளைவில் சாய்ந்திருக்கும்போது இறுக்குவதும்தான். முதலில் மெதுவாக அழுத்தி, முன்பக்கம் அமுங்கியதும் அழுத்தத்தைக் கூட்டுங்கள். பின் பிரேக் கூடவே வரட்டும். ஆளில்லாத நேரான ரோட்டில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இதைப் பத்து முறை பழகுங்கள். அறுபதில் போகும்போது ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடுகிறோம். முப்பதில் தேவைப்படும் பிரேக் தூரம் அறுபதில் நான்கு மடங்காகிறது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வயல் என்று போகும் வெண்ணாற்றங்கரை ரோட்டில் ஒதுங்கவும் இடமில்லை.

முன் பிரேக்கை மறந்ததுபோலவே முன் டயரையும் மறந்துவிடுகிறோம். பின் டயர் சீக்கிரம் தேயும், மாற்றிவிடுவோம். முன் டயரில் "பட்டன் இருக்கே" (ரோட்டில் படும் பூப்போட்ட மேடுகளைத்தான் பட்டன் என்கிறோம்) என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவோம். பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. கடையில் புது டயர் வாங்கும்போதும் இதைப் பாருங்கள். நெடுநாள் கிடந்த சரக்கும் புதிது என்றே விற்பனைக்கு வரும். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு வரை பட்டன் தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

அகலமான டயர் போட்டால் பிடி கூடும் என்ற ஆசையும் வேண்டாம். 100/90-17 என்றால் 100 மில்லிமீட்டர் அகலம், அதில் 90 சதவீதம் உயரம், 17 அங்குல ரிம். ஒடுங்கிய ரிம்மில் அகலமானதை மாட்டினால் டயரின் வடிவம் பிதுங்கி, வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது. பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள்.

ஐப்பசி மழையில் டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து களிமண்ணை ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். அது பட்டன் பள்ளங்களை அடைத்தால் புது டயரும் மொட்டை டயர் மாதிரிதான். அப்போது காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்று சிலர் குறைக்கிறார்கள். தார் ரோட்டில் அது தவறு. காற்று குறைந்த டயர் தண்ணீரைச் சரியாக வெளியே தள்ளாது. வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் காற்று அளவை, வண்டி ஓடிச் சூடாகும் முன் பார்த்து அடியுங்கள். பின்னால் ஆளோ நெல் மூட்டையோ ஏற்றினால் பின் டயருக்கு அதிலேயே தனி அளவு இருக்கும். மூட்டையை இறக்கியதும் மறுபடி பழைய அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.