போட்டோவை ஓவியமாக்க ஜிம்ப் போதும்

பழக்கடைக்காரர் ஒருவரின் படத்தை எடுத்துக்கொள்வோம். முகத்தில் பக்கவாட்டில் வெயில், முன்னால் ஆரஞ்சுக் குவியல், பின்னால் எழுத்துகள் நிறைந்த கடைப் பலகை. ஓவியமாக்க இப்படி வெளிச்சமும் நிழலும் பிரிந்து தெரியும் படம்தான் தோது. இரவில் செல்போனில் எடுத்த புள்ளி புள்ளியான படத்தை விட்டுவிடுங்கள். அந்தப் புள்ளிகளும் கறைகளாகத் திரண்டு நிற்கும்.

மென்பொருள் ஜிம்ப் 2.10. இலவசம்.

முதலில் அளவு. படத்தைத் திறந்து, இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் போய் நீளப் பக்கத்தை 2000 பிக்சலுக்குக் குறையுங்கள். பலரும் தாண்டிப் போகும் படி இது. ஓவியத் தோற்றம் தரப்போகும் ஃபில்டரின் அளவுகள் எல்லாம் பிக்சல் கணக்கு. 6000 பிக்சல் படத்தில் 8 என்று வைத்தால் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும். 800 பிக்சல் படத்தில் அதே 8 மூக்கையே அழித்துவிடும். ஏ4 தாளில் பிரிண்ட் போடுவதாக இருந்தால் மட்டும் 3500 வையுங்கள், கீழே சொல்லும் எண்களையும் அதற்கேற்பக் கூட்டுங்கள்.

அடுத்து, ஷிஃப்ட் + கன்ட்ரோல் + டி (D) இரண்டு முறை அழுத்தி லேயரை, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாளை, இரண்டு நகல் எடுங்கள். அடியில் இருக்கும் அசலைத் தொட வேண்டாம்.

நடு லேயரைத் தேர்ந்தெடுத்து, ஃபில்டர்ஸ், ஆர்டிஸ்டிக், ஆயிலிஃபை. மாஸ்க் ரேடியஸ் 12. ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி அந்த ஆரத்துக்குள் எந்த நிறம் அதிகமாக இருக்கிறதோ, அதையே அந்த இடத்தில் பூசுவதுதான் இந்த ஃபில்டரின் வேலை. அதனால்தான் ஆரஞ்சுத் தோலின் சொரசொரப்பு மறைந்து திட்டுத் திட்டாய் நிறம் நிற்கிறது. மேல் லேயருக்கும் இதே ஃபில்டர், ரேடியஸ் மட்டும் 4. கம்ப்யூட்டர் கொஞ்சம் திணறும், பொறுங்கள்.

ஃபில்டர் மெனு மங்கிக் கிடந்தால், இமேஜ், மோட் போய் நிற முறையை ஆர்ஜிபி ஆக்குங்கள்.

படம் ஓவியமாவது இனிமேல்தான். ஒரே ஃபில்டரைப் படம் முழுக்கத் தடவினால் அது ஃபில்டர் போட்ட போட்டோவாகத்தான் தெரியும். ஓவியர் முகத்தில் நின்று நிதானமாக வரைவார், பின்னணியை நாலு இழுப்பில் முடிப்பார். மேல் லேயரில் ரைட் கிளிக் செய்து ஆட் லேயர் மாஸ்க், அதில் பிளாக். மாஸ்க் என்பது லேயரின் முகமூடி: கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். அதனால் இப்போது மேல் லேயர் முழுசாக மறையும். பி (P) அழுத்தினால் பிரஷ். டி (D), பிறகு எக்ஸ் (X) அழுத்தினால் வெள்ளை நிறம். ஓரம் மிருதுவான பிரஷை எடுத்துக் கண், மூக்கு, வாய், பழத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் மேல் தீட்டுங்கள். தீட்டிய இடத்தில் மட்டும் நுணுக்கம் திரும்பும். கூடிப்போனால் எக்ஸ் அழுத்திக் கறுப்பால் தீட்டுங்கள், மறையும். கடைப் பலகையைத் தொடாதீர்கள். எழுத்துகள் பாதி கரைந்து நிற்பதே அழகு. வாசிக்க முடிகிற எழுத்து இது போட்டோதான் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

லேயர் மெனுவில் நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்து எல்லாவற்றையும் ஒரு புதிய லேயராக்குங்கள். கலர்ஸ் மெனுவில் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) சற்றே ஏற்றலாம். துணியில் வரைந்த மாதிரி வேண்டுமென்றால் ஆர்டிஸ்டிக் மெனுவிலேயே அப்ளை கேன்வாஸ், டெப்த் 2 அல்லது 3. அதற்கு மேல் போனால் முகத்தில் சாக்குப் பை ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

சேமிக்க ஷிஃப்ட் + கன்ட்ரோல் + இ (E), ஜேபெக், தரம் 95. வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் சுருக்கிவிடும், கேன்வாஸ் இழை கலங்கிப்போகும்.