செவ்ர் பூச்சாடி நிஜமா என்று பார்ப்பது எப்படி?

பழைய பிரெஞ்சுப் பூச்சாடி கிடைத்ததும் உடனே கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைத்தான் பார்க்கிறோம். பிரான்சின் புகழ்பெற்ற செவ்ர் ஆலையின் பீங்கானில் அதைக் கடைசியாகப் பாருங்கள். செவ்ரின் முத்திரையான, பின்னிக்கிடக்கும் இரண்டு ‘எல்’ (L) எழுத்துகளை நீலத்தில் வரைய அதிகத் திறமை வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் பலர் அதை அச்சு அசலாக வரைந்திருக்கிறார்கள்.

படி 1: மண். எங்காவது சிறு உடைசல் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சர்க்கரை போல் பொரபொரவென்று இருந்தால் மென்பீங்கான். கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால் வன்பீங்கான். வன்பீங்கானுக்கான வெள்ளைக் களிமண் லிமோஜ் அருகே கிடைத்ததே 1768-இல்தான். ஆகவே 1756 என்று சொல்லும் ஜாடி வன்பீங்கானாக இருக்க முடியாது.

படி 2: ஓவியம். இங்கே நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மண் நிஜமாகவும் ஓவியம் பொய்யாகவும் இருக்கலாம். 1800-இல் ஆலையின் பொறுப்புக்கு வந்த பிரோன்யார், தேங்கிக் கிடந்த பழைய வெள்ளைப் பாண்டங்களை விற்றுத் தள்ளினார். வாங்கியவர்கள் அவற்றில் பழைய பாணியில் வரைந்து விற்றார்கள். எனக்கு இதுதான் மிகவும் கடினமான வகை. நிறம் கைகொடுக்கும்: குரோமியம் 1797-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து வந்த பச்சை 1760-களின் ஜாடியில் இருந்தால் அது பிறகு தீட்டியது. கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் கேளுங்கள். அப்புறம், படத்தில் இருக்கும் முகம் யாருடையது என்றும் பாருங்கள்; அடுத்த படியில் அது உதவும்.

படி 3: சரி, இப்போது கவிழ்க்கலாம். ‘எல்’களுக்கு நடுவே உள்ள எழுத்து ஆண்டைச் சொல்லும். ‘ஏ’ 1753, ‘டி’ (D) 1756, இரட்டை ‘ஏ’ 1778. ‘டி’ போட்ட ஜாடியில் பிற்காலத்தில் பிரான்சின் அரசியான மரி அந்துவானெத் இளம்பெண்ணாகச் சிரித்தால் வைத்துவிட்டு வாருங்கள்; 1756-இல் அவர் கைக்குழந்தை.

படி 4: காகிதங்கள். ‘வெர்சாய் அரண்மனையில் இருந்தது’ என்ற பேச்சு ஆதாரம் ஆகாது. 1793-இல் அந்த அரண்மனைப் பொருள்களை ஏலம் விட்டது உண்மைதான், ஆனால் இந்த ஜாடி அதில் இருந்ததா? பழைய ரசீது, ஏலப் பட்டியல், சொத்துப் பட்டியல் எதுவானாலும் அதிலுள்ள உயரம், படம், பழுது மூன்றையும் கையிலுள்ள ஜாடியோடு ஒப்பிடுங்கள். கைப்பிடியில் பழைய ஒட்டு இருக்கிறது, பட்டியல் அதைச் சொல்லவில்லை என்றால், ஒட்டியது எப்போது என்று விற்பவரிடம் கேளுங்கள்.