தன்பாலீர்ப்புக் காதலைக் குறும்படமாக எடுக்கும்போது எங்கே தவறுகிறோம்?

வேலூரில் குறும்படம் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் எடிட்டிங் செய்து தருகிறேன். இப்போதெல்லாம் பெண்ணைக் காதலிக்கும் பெண், ஆணைக் காதலிக்கும் ஆண் என்று கதை எழுதிக்கொண்டு வருகிறார்கள். மனசு நிறைகிறது. ஆனால் பல கதைகள் ஒரே இடத்தில் தடுக்குகின்றன. இருவரும் தோழிகள் என்று பத்து நிமிடம் நம்பவைத்துவிட்டு, கடைசி ஷாட்டில் கையைக் கோக்க வைத்து, இசையை ஏற்றி முடித்துவிடுகிறார்கள்.

முதலில் இதை விடுங்கள். அவர்கள் காதலர்கள் என்பதே பார்ப்பவருக்குக் கொடுக்கும் அதிர்ச்சி என்றால், அந்த இருவரும் விடுகதைக்கு விடையாகிப் போகிறார்கள். காதல் முதல் நிமிடத்திலேயே தெரியட்டும். கதை அப்புறம்தான் தொடங்குகிறது.

ஒரு மாணவி எழுதிய கதையில் இரண்டு பெண்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார்கள். விடியற்காலை கம்பெனி வேனில் முதலில் ஏறுகிறவள் பக்கத்து சீட்டில் டிபன் பையை வைக்கிறாள். வேறொருத்தி உட்கார வந்தால், "குந்தாதீங்கக்கா, ஆளு வருது" என்கிறாள். மூன்று ஸ்டாப் தள்ளி அவள் ஏறியதும் பை மடிக்கு வந்துவிடுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அந்த மாணவி, கோட்டை அகழிக்கரையில் நின்று இருவரும் தங்கள் காதலை விளக்கிப் பேசுவதாக மூன்று நிமிட வசனமும் எழுதியிருந்தாள். அந்த வசனத்தை நீக்கச் சொல்லி ஒரு மாலை முழுக்க வாதாடினேன். 2017இல் வந்த 'சிசக்' குறும்படத்தில் மும்பை லோக்கல் ரயிலில் இரண்டு ஆண்கள் ஒரு வார்த்தை பேசாமலே நெருங்குவார்கள். அதைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தாள்.

அடுத்தது சாவு. ரயில் தண்டவாளம், தூக்கு, பாலாற்றங்கரையில் செருப்பு. துயரம் பொய்யில்லைதான். ஆனால் எந்தப் படம் பார்த்தாலும் தன்னைப் போன்றவர் கடைசியில் செத்துப்போவதையே பார்க்கும் பதினேழு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

சட்டத்தை விசாரிக்காமல் எழுதுவதும் நிறைய நடக்கிறது. விரும்பிச் சேர்ந்து வாழும் இரண்டு ஆண்களை 377ஆம் பிரிவில் உள்ளே தள்ளுவேன் என்று ஒரு கதையில் இன்ஸ்பெக்டர் மிரட்டுகிறார். வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. இன்னொரு கதையில் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்புக்குப் பிறகும் தன்பால் திருமணத்துக்கு இங்கே சட்ட ஏற்பு இல்லை. ஆனால் நம் மாவட்டத்துக் கதை ஒன்று உயர் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. வீட்டில் பிடித்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காக அவள் தோழி ஆட்கொணர்வு மனு போட்டாள். தன்னை அடித்ததையும், 'சரியாக்க' சடங்கு செய்ததையும் அந்தப் பெண் நீதிபதிகளிடமே சொன்னாள். 2025 மே மாதம் அவளை அவள் விருப்பப்படி போகவிட்ட நீதிபதிகள், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியில்லை என்றும் எழுதினார்கள். பேய் ஓட்டுவதைச் சிரிப்புக் காட்சியாக எழுதுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

டாக்டர் மாத்திரை கொடுத்து 'குணமாக்கும்' காட்சியும் வேண்டாம். அப்படி மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை செய்தது. அந்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை உத்தரவிலேயே சொல்லியிருக்கிறார். கதை எழுதுகிறவர்களும் அப்படிப் போய்க் கேட்கலாமே.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் காதலைப் படுக்கையோடு நிறுத்திவிடுகிறது. தன்பாலீர்ப்பு என்று எழுதுங்கள். ஆணைக் காதலிக்கும் ஆண் திருநங்கை அல்ல. இரண்டையும் குழப்பும் கதை இன்னும் வருகிறது. திருநங்கை என்றாலே கூவாகத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். சித்திரை போன பிறகு மற்ற நாளெல்லாம் அவர் காய்கறி வாங்குகிறார், வாடகை கொடுக்கிறார். 2020இல் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பின் 'தங்கம்' கதையில் திருநங்கையாகக் காளிதாஸ் ஜெயராம் நடித்தார், உருக்கமாகவே நடித்தார். வியாபாரத்துக்கு அவர்களுக்கு நட்சத்திரம் தேவைப்பட்டிருக்கலாம். உங்களுக்கு என்ன தடை? ஒரு திருநங்கையையே அழைத்துச் சம்பளம் கொடுத்து நடிக்க வையுங்கள்.

கடைசியாக, யாருடைய முகம் யூடியூபில் ஏறப்போகிறது என்று கேட்காமல் இருக்காதீர்கள். நம் ஊரில் ஒரு முகம் தெரிந்தால் தெரு, வீடு, அப்பா பெயர் வரை தெரிந்துவிடும். நடிப்பவரிடம் ஷூட்டிங்குக்கு முன்பும் கேளுங்கள், ஏற்றுவதற்கு முன்பும் கேளுங்கள். நடுவில் மனசு மாறினால் அது அவர் உரிமை. வேன் கதையில் நடித்த ஒருத்தி, எடிட் முடிந்த பிறகு, "அக்கா, என் முகம் வேணாம்" என்றாள். அந்த மாணவி அழுதுவிட்டாள். இருந்தாலும் இருவரும் உட்கார்ந்து மறுபடி வெட்டினோம். இப்போது படத்தில் அவள் கைகளும், சீட்டிலிருந்து மடிக்குப் போகும் டிபன் பையும் மட்டும் இருக்கின்றன.