காது கேளாத உறவினரோடு கனடா வந்திருக்கிறீர்களா? ஃபோன் விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம்

வந்து இறங்கியதும் சின் நம்பர், ஹெல்த் கார்ட், வங்கிக் கணக்கு என்று ஓடுவோம். வீட்டில் காது கேளாத ஒருவர் இருந்தால், அவருக்கான ஃபோனையெல்லாம் தம்பியோ மகளோ எடுத்துப் பேசிவிடுவதுதான் நம்மவர் வழக்கம். ஊரில் வேறு வழி இருக்கவில்லை. இங்கே அவரே பேசலாம்.

அதற்கான சேவையின் பெயர் எஸ்ஆர்வி கனடா வீஆர்எஸ், அதாவது வீடியோ ரிலே சேவை. அவர் செல்போனிலோ கணினியிலோ வீடியோவில் சைகை காட்டுவார். திரையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அதை மறுமுனையில் இருப்பவருக்கு வாயால் சொல்வார், வரும் பதிலைச் சைகையில் திருப்பித் தருவார். 24 மணி நேரமும் உண்டு, காசு இல்லை. பதிவு செய்தால் மற்றவர்களைப் போலவே பத்து இலக்க உள்ளூர் இலக்கம் ஒன்று கிடைக்கும். டொக்டர் கந்தோர், பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் எல்லோரும் அந்த இலக்கத்துக்கே நேரே எடுக்கலாம்.

உதவி ஏதும் எடுத்தால் குடிவரவு ஃபைல் பழுதாகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் நம்மில் அதிகம். இது வெல்ஃபெயர் இல்லை. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அரச ஆணையமான சிஆர்ரிசி 2014இல் இதை அடிப்படைத் தொலைபேசிச் சேவை என்று தீர்மானித்தது. தொலைபேசி நிறுவனங்கள் கட்டும் பொது நிதியிலிருந்து ஆண்டுக்கு 3 கோடி டொலர் வரை ஒதுக்கி, நடத்துவதற்குத் தனி நிர்வாக அமைப்பையும் வைத்தது. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கியது. ஆக, உங்கள் வீட்டு ஃபோன் லைன் எப்படியோ இதுவும் அப்படித்தான்.

சிக்கல் வேறு இடத்தில். சைகையில் அமெரிக்கச் சைகை மொழி அல்லது கியூபெக் சைகை மொழி, பேச்சில் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு, இவ்வளவுதான் அங்கே ஓடும். தமிழ் இல்லை. யாழ்ப்பாணம் கைதடியில் காது கேளாதோருக்கான நவீல்ட் பாடசாலையில் படித்து நன்றாகச் சைகை பேசுகிறவரும், சென்னையிலிருந்து வந்தவரும் இங்கே முதலிலிருந்து படிக்கத்தான் வேண்டும். இந்தியச் சைகை மொழியில் எழுத்துகளை இரண்டு கையாலும் காட்டுவார்கள், இங்கே ஒரு கை. வேறுபாடு அதோடு நிற்பதுமில்லை, சொற்களும் வசன அமைப்புமே வேறு. ரொறன்ரோவில் சைலன்ட் வொய்ஸ், பொப் ரம்பல் நிலையம் போன்ற இடங்களில் சைகை மொழி சொல்லித்தருகிறார்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து போங்கள். அம்மா அப்பாவோடு பேச வாட்ஸ்அப் வீடியோ போதும், வெளி வேலைகளுக்கு வீஆர்எஸ் என்று பிரித்துக்கொள்வதுதான் என் கணிப்பில் சரி.

இன்னொன்று, வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டியது. தெரியாத குரல் ஒன்று ஆங்கிலத்தில் "வீடியோ ரிலே சேவையிலிருந்து பேசுகிறேன்" என்று தொடங்கினால், விளம்பரக்காரன் என்று நினைத்துப் பட்டென்று வைத்துவிடுகிறார்கள். கடைகளிலும் கந்தோர்களிலும்கூட இதே கதைதான். வைக்காமல் கேளுங்கள். "அவரிட்டச் சொல்லுங்கோ" என்று மொழிபெயர்ப்பாளரோடு கதைக்க வேண்டாம். உங்கள் ஆளோடு பேசுவதுபோல "எப்ப வாறாய்?" என்பதை நேரே ஆங்கிலத்தில் கேளுங்கள்.

ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே மொழிபெயர்க்க இந்தச் சேவையைப் பயன்படுத்த முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயே சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தருவது அவர்கள் கடமை என்று 1997இல் எல்ட்ரிட்ஜ் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி மருத்துவம் பேச வைக்காதீர்கள்.

அவசரத்துக்கு: 911க்குச் சும்மா ரெக்ஸ்ட் அனுப்பினால் போகாது. முதலில் உங்கள் செல்போன் நிறுவனத்திடம், காது கேளாதவருக்கான 911 ரெக்ஸ்ட் சேவைக்கு அந்த இலக்கத்தைப் பதிய வேண்டும். ஆபத்து வரும்போது வழக்கம்போல 911ஐ அழுத்த வேண்டும், பேசத் தேவையில்லை, லைனை வெட்டவும் கூடாது. மறுமுனையில் இருப்பவர் உங்கள் பதிவைப் பார்த்துத் தானே ரெக்ஸ்ட் தொடங்குவார், அதற்குப் பதில் எழுதினால் போதும். வீஆர்எஸ் வழியாகவும் 911 எடுக்கலாம். அதனால் பேஸ்மென்ட் மாறும்போதெல்லாம் அங்கே பதிந்த முகவரியையும் மாற்றிவிடுங்கள். வாடகை வீடு அடிக்கடி மாறுகிற முதல் இரண்டு வருடத்தில் மறந்துபோவது இதுதான்.

சைகை தெரியாமல், எழுத மட்டும் தெரிந்தவருக்கு ஐபி ரிலே இருக்கிறது. அவர் தட்டச்சு செய்வதை ஒருவர் மறுமுனைக்கு வாசித்துச் சொல்வார். உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுப் பதியுங்கள்.

புது செல்போன் பிளான் எடுக்கும்போது காது கேளாதவர் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சைகை பேச வீடியோ வேண்டும், வீடியோ டேட்டாவைத் தின்னும். ஒப்பந்தத்தோடு எடுத்த பிளான் சரிவரவில்லை என்றால், மற்றவர்களுக்கு 15 நாள் பரீட்சார்த்தக் காலம், உடற்குறைபாடு உள்ளவருக்கு 30 நாள். இது வயர்லெஸ் கோட் என்னும் சிஆர்ரிசி விதியில் இருப்பது. கடைப் பையனுக்குத் தெரியாவிட்டால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அங்கேயும் சரிவராவிட்டால் சிசிரிஎஸ் என்னும் முறைப்பாட்டு ஆணையத்துக்கு எழுதலாம், அதற்கும் காசு இல்லை.