மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியைத் தவறவிடாமல் பார்க்க

தண்ணீராகப் போன மலத்தை அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள். தாமதித்தால் நீந்தும் உயிரிகள் செத்துச் சிதைந்துவிடும். சிறுநீர் கலந்தாலும் அதே கதிதான்.

ஸ்லைடின் ஒரு பக்கம் 0.85% சலைன் (உப்புநீர்) ஒரு சொட்டு, மறுபக்கம் அயோடின் ஒரு சொட்டு. குச்சி முனையளவு மலத்தை முதலில் சலைனில், பிறகு அயோடினில் கலக்கி கவர்ஸ்லிப்பால் மூடுங்கள். அடியில் வைத்த செய்தித்தாளைப் படிக்க முடியாவிட்டால் கலவை கெட்டி.

நுண்ணோக்கியின் 10x லென்ஸில் முழுக்கத் தேடி, 40x-இல் உறுதிசெய்யுங்கள். சலைனில், உதிரும் இலைபோலப் புரண்டு நகர்வதுதான் ஜியார்டியா. அயோடின் அதைக் கொன்றுவிடும். ஆனால் முதிர்ந்த சிஸ்ட்டின் (ஒட்டுண்ணியின் உறைபோட்ட, நகராத வடிவம்) 4 உட்கருக்கள் அதில்தான் தெளிவாகத் தெரியும்.

ஒரே ஒரு மல மாதிரியை மட்டும் பார்த்து 'இல்லை' என்று முடித்துவிடாதீர்கள், தயவுசெய்து. சிஸ்ட் தினமும் வெளிவராது. ஒருநாள் விட்டு ஒருநாள் 3 மாதிரி கேளுங்கள்.