முப்பந்தல் காற்றில் பறக்கலாமா? பாராகிளைடிங் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போனால், ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் முப்பந்தல் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கும். பாராகிளைடிங் கற்க ஆசைப்படும் நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தத் திசையைத்தான் கைகாட்டுகிறார்கள். “இவ்வளவு காற்று வேறு எங்கே கிடைக்கும்?” என்று கேட்கிறார்கள். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

துணி இறக்கையில் தொங்கிக்கொண்டு பறக்கும் பாராகிளைடருக்கு என்ஜின் கிடையாது. கற்பவர்களுக்கான கிளைடர் மணிக்கு ஏறக்குறைய 35 முதல் 38 கி.மீ. வேகத்தில்தான் முன்னேறும். எதிர்க்காற்று 40 கி.மீ. வீசினால், முகம் முன்னே பார்த்திருக்க, நீங்கள் பின்னால் போய்க்கொண்டிருப்பீர்கள். மேலும், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது துணியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு புகுவதால் வேகம் பிடிக்கிறது. மின்சாரம் எடுக்க அது வரம், பழகுபவருக்கு ஆபத்து. போதாததற்கு, காற்றாலைகளின் சுழலும் இறக்கைகளுக்குப் பின்னால் பல நூறு மீட்டருக்குக் காற்று கலங்கியே இருக்கும்.

கற்பவருக்கு 20 கி.மீ.க்கு உட்பட்ட சீரான காற்று போதும். சீராக 18 கி.மீ. வீசும் காற்றைவிட, ஒரு கணம் 10, மறுகணம் 25 என்று துள்ளும் காற்றுதான் மோசமானது. கடற்கரைக்காரர்களுக்குக் கருவி இல்லாமலே ஓர் அளவுகோல் உண்டு. கடலில் பார்க்கும் இடமெல்லாம் அலைமுகட்டில் வெண்ணுரை தெரிந்தால் காற்று 20 கி.மீ.யைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சங்குத்துறைக் கடற்கரையில் ஒரு நாள் நான் கிளைடரை விரித்துக்கொண்டிருந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்த பாட்டா ஒருவர், “மக்களே, கடல் வெளுத்துக் கிடக்கிறது, இன்றைக்கு வேண்டாம்” என்றார். சுருட்டி வைத்துவிட்டேன். கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் தோலால் அறிந்தவர்கள் சொல்வதைக் கேட்காமல் போவதும் ஒரு தவறுதான்.

அடுத்தது, மலையின் தவறான பக்கம். பழையாற்றில் ஒரு பாறையின் முன்புறம் தண்ணீர் அமைதியாக ஏறி வழிவதையும், பின்புறம் சுழித்துக் குழம்புவதையும் பார்த்திருப்பீர்கள். மலைமேல் காற்றும் அப்படித்தான். மருந்துவாழ் மலைமேல் மேற்குக் காற்று வீசும்போது கிழக்குச் சரிவு நிழலாகவும் இதமாகவும் இருக்கும். அந்த இதம் பொய். அங்கே காற்று கீழ்நோக்கிச் சுழலும், கிளைடரின் இறக்கை ஒரு பக்கமாக மடிந்துபோகும். காற்று முகத்தில் அடிக்கும் சரிவில் மட்டுமே பறக்க வேண்டும்.

நான் அதிகம் அஞ்சுவது கால்பட்டையை. நம்மைக் கிளைடரோடு பிணைக்கும் இருக்கைதான் ஹார்னஸ். அதில் இரு தொடைகளையும் சுற்றி இரண்டு பட்டைகள், நெஞ்சுக்கு ஒன்று. புகைப்படம் எடுக்கவோ தண்ணீர் குடிக்கவோ கால்பட்டையைக் கழற்றுகிறோம், பேச்சில் மறக்கிறோம். தரையில் நிற்கும்வரை எந்த வித்தியாசமும் தெரியாது. ஓடிக் கால் மேலெழுந்த பிறகுதான் உடல் ஹார்னஸிலிருந்து நழுவும். அக்குள்களால் தொங்கிக்கொண்டு பறக்க நேரும். பயிற்சியின் மூன்றாம் நாள், ஓடத் தயாராக நின்ற என் இடது தொடையில் பயிற்றுநர் கைவைத்தார். பட்டை தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அன்றுமுதல் கொக்கி ‘டக்’ என்று மாட்டும் சத்தம் கேட்ட பிறகும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கிறேன். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

தரையில் நின்று இறக்கையைத் தூக்கிப் பிடிக்கும் பயிற்சியைச் சலிப்பு என்று பலர் தவிர்க்கிறார்கள். மிதமான காற்றடிக்கும் காலையில் அகன்ற மணல்வெளி போதும். இருபது மணி நேரம் அதில் செலவிட்டவரின் கை தனியாகத் தெரியும். ஆனால் பறக்கக் கற்க, பயிற்சிப் பள்ளிகள் உள்ள ஊருக்குத்தான் போக வேண்டும்: மகாராஷ்டிரத்தின் காம்ஷெத், இமாச்சலத்தின் பீர். காணொளி பார்த்து, பழைய கிளைடரை மலிவாக வாங்கிச் சொந்தமாக முயல வேண்டாம். வெயிலில் நைந்த துணி பார்வைக்குத் தெரியாது. உங்கள் எடைக்குப் பொருந்தும் ஈ.என். ‘ஏ’ வகை (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தில் கற்பவருக்கு ஏற்ற வகை) கிளைடரும், அவசரத்துக்கு விரிக்கும் ரிசர்வ் பாராசூட்டும் வேண்டும்.

அனுமதியும் முக்கியம். பக்கத்திலேயே மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் இருக்கின்றன. மலைகளில் பெரும்பகுதி வனத்துறையிடம். கேட்காமல் ஏறாதீர்கள்.

வானத்தில் பயம் வந்தால் இரு கைகளும் தாமாகவே பிரேக்கை, அதாவது இறக்கையின் பின்விளிம்பை இழுக்கும் கயிறுகளை, கீழே இழுக்கும். வேகம் குறைவது பாதுகாப்பு என்று மனம் நினைக்கிறது. உண்மையில் இறக்கைக்கு உயிரே அந்த வேகம்தான். மேலும் மேலும் இழுத்தால் அது பறப்பதை நிறுத்திவிடும். கைகளை மெல்ல மேலே விடப் பழகுங்கள்.

இறங்கும்போது கண் எங்கே போகிறதோ அங்கேதான் கிளைடரும் போகும். தென்னையையே பார்த்தால் தென்னையில்தான் இறங்குவீர்கள். நம் மாவட்டத்தில் தோப்பில்லாத வெளி குறைவு, வயல்களின் மேலும் மின்கம்பி ஓடுகிறது. எனவே இறங்குமிடத்தைக் காலாற நடந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். கடலோரத்தில் அலை தொடும் இடத்தை விட்டு விலகி இறங்குங்கள். நனைந்த இறக்கைக்குள் தண்ணீர் நிறைந்தால், திரும்பும் அலை ஆளோடு சேர்த்து இழுக்கும்.

கால் மணலில் பட்டதும் முடிந்துவிட்டதென்று கைகளைத் தளர்த்திவிடுகிறார்கள். பின்னால் இறக்கை இன்னும் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. உடனே அதை நோக்கித் திரும்பி, ஒரு பிரேக்கை முழுதாக இழுத்து, அதைப் பார்த்தே ஓடிச் சாய்த்துவிடுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றுவது, ஹார்னஸிலிருந்து வெளியே வந்த பிறகு.